சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான தமிழ் எழுத்தறிவுக் கல்வி

சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான எழுத்தறிவுக் கல்வி என்பது, பார்வை, செவித்திறன், உடலியக்கம், அறிவுத்திறன் வளர்ச்சி, கற்றல் ஆகியவற்றில் குறைபாடுள்ள மாணவர்களுக்கு, அவரவர்க்கு ஏற்ற வழியில் வாசிக்கவும் எழுதவும் கற்பிப்பதாகும். எல்லோருக்கும் ஒரே முறையில் கற்பிக்கும்போது பின்தங்கும் மாணவர், கற்க இயலாதவர் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. தடை எங்குள்ளது என்று கண்டறிவதே இக்கல்வியின் முதற்படி ஆகும்.

தமிழ் எழுத்து முறையும் இடர்ப்பாடுகளும்

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை சில குறியீடுகளின் சேர்க்கையால் அமைவதால், ஒழுங்கைப் புரிந்துகொண்ட மாணவர் அனைத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எனினும், டிசிலெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சில இடங்கள் கடினமானவை. "கெ" என்பதில் எகர ஒலி மெய்யொலிக்குப் பின் வந்தாலும் அதன் குறி முன்னால் எழுதப்படுகிறது. "கொ" என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. "பாம்பு" என்னும் சொல்லில் பகர வரிசை எழுத்து இருமுறை வந்து இருவேறு ஒலிகளைத் தருகிறது. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறுபடுவது மேலும் ஒரு சுமையாகும்.

கற்பித்தல் முறைகள்

வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பல்புலன் முறை பயன்படுகிறது. எழுத்தைப் பார்த்து, ஒலித்து, மணலில் விரலால் எழுதிப் பழகுவது இதன் அடிப்படை. 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்காம் ஆகியோர் இதனை ஒழுங்குபடுத்தினர். மணலில் எழுதுவது தமிழகத் திண்ணைப் பள்ளிகளிலும் வழக்கில் இருந்ததே.

பார்வையற்றோர் ஆறு புள்ளிகளைக் கொண்ட பிரெயில் முறையில் கற்கின்றனர். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. அதில் "கெ" என்பது முதலில் ககரம், பின்னர் எகரம் என ஒலிக்கும் வரிசையிலேயே அமைகிறது. அச்செழுத்தில் உள்ள ஓர் இடர்ப்பாடு இங்கு இல்லை.

பிறவியிலேயே செவித்திறன் இழந்த, சைகை மொழி பேசும் மாணவருக்குத் தமிழ் இரண்டாம் மொழி போன்றது. ஆதலால் வேற்றுமை உருபுகளைத் தனியாகக் கற்பிக்க வேண்டியுள்ளது. மூளை முடக்குவாதத்தால் பேசவோ பென்சில் பிடிக்கவோ இயலாதவர், எழுத்துப் பலகையில் விரலாலோ கண்ணாலோ சுட்டி எழுதலாம். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குத் தம் பெயர், "தாம்பரம்", "பல்லாவரம்" போன்ற பேருந்து, தொடருந்து நிலையப் பெயர்ப் பலகைகள் என வாழ்வில் பயன்படும் சொற்களிலிருந்து தொடங்கலாம்.

தென்சென்னையும் புறநகரும்

கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் 1985இல் தொடங்கப்பட்டது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் இந்திய அரசால் நிறுவப்பட்டது. பார்வை, செவித்திறன் இரண்டும் இழந்தோர் போன்று ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்கு இது பணியாற்றுகிறது. முட்டுக்காடு கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், தாம்பரம் அதிலிருந்து விலகிய ஜி.எஸ்.டி. சாலையிலும் உள்ளன. நாள்தோறும் சென்றுவருவது எளிதன்று என்பதால், அருகிலுள்ள பள்ளியிலேயே இம்முறைகள் கிடைப்பது முதன்மையானது.

சட்டமும் சலுகைகளும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையுள்ளோர், அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையையும் அது வழங்குகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளும் உண்டு. இவை தேர்வில் உள்ள தடையை மட்டுமே நீக்குவன. கற்பித்தலுக்கு மாற்றாகச் சலுகை மட்டும் தரப்பட்டால், மாணவர் சான்றிதழ் பெற்றும் வாசிக்க இயலாதவராகவே இருக்கக்கூடும்.