மேசைக்குத் தோல்வி கிடையாது

ரூலெட் சக்கரத்தில் பணம் வைத்தால் நமக்கு எதிரே ஆடுவது சூதாட்ட விடுதி. நாம் தோற்றால் அதற்கு லாபம், ஜெயித்தால் நஷ்டம். போக்கர் அப்படியல்ல. ஆட்டம் ஆடுகிறவர்களுக்குள்தான், ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுக்கிறார். மேசை போட்டுக் கொடுத்த இணையதளம் ஒரு கைகூட ஆடுவதில்லை. ஆனாலும் போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் தாய் நிறுவனத்தை 2014-இல் கனடாவின் அமயா நிறுவனம் 490 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஆடாத இடத்துக்கு இவ்வளவு விலை எப்படி வந்தது?

ரேக் என்ற கழிவால் வந்தது. ஒவ்வொரு கையிலும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும், நடுவில் சேரும் பந்தயப் பணத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொண்டு, மீதியைத்தான் ஜெயித்தவருக்குத் தருகிறது. ஒரு கைக்கு இவ்வளவுக்கு மேல் எடுப்பதில்லை என்று உச்சவரம்பும் உண்டு. பொதுச் சீட்டுகளை விரிப்பதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டால் பல தளங்கள் எதுவும் எடுப்பதில்லை. பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. கணக்குப் போடுகிறவரைக்கும்.

ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் மேசை. ஆளுக்கு 100 டாலர், மொத்தம் 600. கட்டாயப் பந்தயங்கள் இரண்டு: 1 டாலர், 2 டாலர். கைக்குச் சராசரியாக 60 சென்ட் கழிவு போவதாகவும், மணிக்கு 80 கை ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 48 டாலர் மேசையை விட்டு வெளியேறுகிறது. ஆறு பேரும் சம திறமைசாலிகள், புதிதாக யாரும் பணம் போடவில்லை என்றால், பன்னிரண்டரை மணி நேரத்தில் மேசை காலி. யாரும் யாரிடமும் தோற்கவில்லை. 600 டாலரும் போய்விட்டது. (நிஜத்தில் பணம் குறையக் குறையப் பந்தயமும் சுருங்கும். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கும், அவ்வளவுதான்.)

இதையே 100 கைக்குப் பார்த்தால் தலைக்கு 10 டாலர் கழிவு. சக ஆட்டக்காரர்களைவிட அந்த அளவுக்குக் கெட்டிக்காரராக இருந்தால்தான் ஒருவர் போட்ட முதலையே மீட்க முடியும். லாபம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. சுமாராக ஆடுகிறவர், தான் மற்றவர்களிடம் தோற்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அதில் ஒரு பங்கு கழிவாகவே கரைந்திருக்கும்.

ஆக, சுங்கச்சாவடிக்கு வண்டியில் போவது யார் என்பது எப்படிக் கவலையில்லையோ, அப்படித்தான் தளத்துக்கும். எத்தனை கை ஓடியது என்பதே வருமானம். நேரில் ஆடும் விடுதியில் ஒருவர் சீட்டைக் கலைத்துப் போட வேண்டும், மணிக்கு முப்பது கை ஓடினாலே அதிகம். கணினிக்குக் கலைக்கும் வேலை நொடியில் முடிகிறது. ஒருவரே நான்கைந்து மேசைகளில் ஒரே நேரத்தில் ஆடலாம். அதுவும் போதாதென்று 2010-இல் ஃபுல் டில்ட் தளம் ரஷ் போக்கரைக் கொண்டுவந்தது: சீட்டைக் கவிழ்த்து விலகிய மறுகணம் ஆட்டக்காரரை வேறு மேசைக்குத் தூக்கிப் போட்டுவிடும். காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. போட்டிகளில் கழிவை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். 11 டாலர் நுழைவுக் கட்டணம் என்றால் 10 பரிசுக்கு, 1 தளத்துக்கு என்பது பழக்கமான கணக்கு.

இதில் விசித்திரம், கெட்டிக்கார ஆட்டக்காரரைத் தளத்துக்கு அவ்வளவாகப் பிடிக்காது. போக்கர் உலகில் கற்றுக்குட்டிக்கு மீன் என்றும் கைதேர்ந்தவருக்குச் சுறா என்றும் பெயர். மீன் கொண்டுவந்த 100 டாலரைச் சுறா அரை மணியில் விழுங்கித் தன் வங்கிக் கணக்குக்கு எடுத்துப்போனால் தளத்துக்குச் சில்லறைதான் மிஞ்சும். அதே பணம் இரண்டு மீன்களுக்கிடையே ஒரு வாரம் கைமாறிக்கொண்டிருந்தால் பெரும்பகுதி கழிவாக வந்து சேரும். 2015 இறுதியில் போக்கர்ஸ்டார்ஸ், அதிகம் ஆடுகிறவர்களுக்குக் கழிவில் ஒரு பங்கைத் திருப்பித் தந்த சலுகைகளைப் பெருமளவு வெட்டுவதாக அறிவித்தது. கோபம் கொண்டவர்கள் அந்த டிசம்பரில் மூன்று நாள் ஆடாமல் உட்கார்ந்தார்கள். சூதாடிகள் வேலைநிறுத்தம் செய்த அபூர்வக் காட்சி! நிறுவனம் அசைந்து கொடுக்கவில்லை.

கழிவு மட்டுமே எடுக்கும் தளம் திவாலாவது எளிதல்ல. ஃபுல் டில்ட் அதையும் சாதித்தது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை பெரிய தளங்கள்மீது வழக்குத் தொடுத்தபோது, ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது 6 கோடிதான். நிர்வாகம் ஆட்டக்காரர்களின் வைப்புப் பணத்திலேயே கைவைத்தது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு.

நம் ஊரில் வாதம் வேறு திசையில் போனது. போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழகச் சட்டத்தில் அவற்றைத் தடைசெய்த பகுதியை நீக்கியது. கணிதப்படியும் திறமைக்கு இடம் இருப்பது உண்மைதான். ஆனால் திறமை கூடினாலும் குறைந்தாலும் கழிவு மாறுவதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது. ஆடுகிறவருக்கு அதில் தண்டனை கிடையாது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.