சரக்கு வண்டித் தளப் பூச்சு: பட்டறையிலா, வீட்டிலா?

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் சிறு சரக்கு வண்டிகளுக்கு ஓய்வில்லை. மூட்டைகள் தளத்தின் வர்ணத்தைச் சுரண்டும். புளித்த பழச்சாறு தகட்டை அரிக்கும். மூடுபனி ஈரம் சேர்க்கும். கடன் தீருமுன் தளம் துருப்பிடித்தால் நஷ்டம் விவசாயிக்கே.

இதைத் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சைத் தாமே பூசலாமா என அங்கத்தினர் பலர் நம்மை வினவுகின்றனர்.

பட்டறையில் இரு திரவங்களைச் சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில் துப்பாக்கி முனையில் கலந்து தெளிப்பர். பூச்சு விரைவில் இறுகும். தடித்தும் சீராகவும் அமையும். செலவோ அதிகம். வீட்டில் உருளையால் பூசுவது மலிவு. ஆனால் மெல்லியது, இறுக நேரமாகும். ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள பனியூர். பூச்சிலுள்ள ஐசோசயனேட் ஈரத்துடன் கலந்தால் கரியமில வாயு உண்டாகிக் கொப்புளம் எழும்.

எம்முறையாயினும் ஆயத்தமே பிரதானம். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, நன்கு உலர்த்த வேண்டும். இன்றேல் பூச்சின் அடியில் துரு மறைந்து வளரும். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடலாகாது.

ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. மூக்கில் துணி கட்டுவது காப்பாகாது. ஆகவே வீட்டில் தெளிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். பழைய வண்டிக்கு, கோடையில், திறந்த வெளியில், தக்க சுவாசக் கவசமும் கையுறையும் அணிந்து உருளையால் பூசலாம். கடனில் வாங்கிய புது வண்டிக்குப் பட்டறையே உசிதம். ஐந்தாறு அங்கத்தினர் ஒன்றுகூடிச் சேலத்துப் பட்டறைகளில் விலை பேசுவார்களாயின் செலவும் குறையக்கூடும். கூட்டுறவின் பயன் இதுவன்றோ!