விரல் என்னும் திறவுகோல்

வீட்டிற்குப் பூட்டு உண்டு; பூட்டிற்குத் திறவுகோல் உண்டு; அத்திறவுகோல் தொலைந்து போதலும் உண்டு. தொலைக்க இயலாத திறவுகோல் ஒன்று கிடைக்குமாயின் எத்துணை நன்மையாம்! அத்தகைய திறவுகோல் இக்காலத்தில் நமக்குக் கிடைத்துள்ளது. திறன்பேசியின் பூட்டினைத் திறப்பதற்கு நம் விரலே திறவுகோலாக அமைந்துவிட்டது. ஆயினும், சில வேளைகளில் அத்திறவுகோல் பயன்படாது போகின்றது. அதற்குக் காரணம் யாது? அது தவறாது பயன்படுமாறு செய்வது எங்ஙனம்? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு என் மனைவியார்க்குக் கடுங்காய்ச்சல் கண்டது. நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றி இட்டுக்கொண்டிருந்தேன். நள்ளிரவில் உடல் நடுக்கம் மிகுந்தது. மருத்துவரை அழைக்கக் கருதித் திறன்பேசியை எடுத்து அதில் விரலை வைத்தேன், திறக்கவில்லை. மீண்டும் வைத்தேன், அழுத்தியும் வைத்தேன், பயனில்லை. கடவு எண்ணை இடலாம் என்றால், பதற்றத்தில் இலக்கங்கள் முன்பின்னாக மாறின. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுச் சிறுமி என் குரல் கேட்டு ஓடி வந்தாள். பேசியையும் என் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். "தாத்தா, விரல் நனைந்திருக்கிறது. நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள்" என்றாள். அவ்வாறே செய்தேன், பூட்டுத் திறந்தது. மருத்துவர் வந்தார்; விடியுமுன் காய்ச்சல் தணிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர்க்குக் கற்பித்த எனக்கு அன்றிரவு ஆசிரியராக நின்றவள் அச்சிறுமியே. அவள் சொன்ன ஒரு சொல்லின் காரணத்தை அறிய விரும்பி நான் கற்றவற்றையே இங்கே எழுதுகின்றேன்.

மாணவர்களே! உங்கள் விரல் நுனியைச் சற்றே உற்று நோக்குங்கள். உழுத வயலில் உழவுசால் ஓடுவது போல, மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுவதைக் காண்பீர்கள். இவ்வரிகள் சிலர்க்கு வில்லைப் போல வளைந்திருக்கும். சிலர்க்கு வளையமாகத் திரும்பியிருக்கும். சிலர்க்குச் சுழியாகச் சுற்றியிருக்கும். குழந்தை தாயின் கருவில் இருக்கும்போதே இவை தோன்றிவிடுகின்றன. ஒரே கருவில் உருவாகி உருவத்தால் ஒத்த இரட்டையர்க்கும் இவை வேறுபடும். ஒருவருடைய பத்து விரல்களிலும் பத்து விதமாக அமையும். தோலின் அடிப்படலத்தில் இவ்வமைப்பு வேரூன்றியிருத்தலால், மேல்தோல் தேய்ந்தாலும் சிராய்ந்தாலும், புதுத்தோல் வளரும்போது பழைய வரிகளே திரும்பவும் தோன்றும். ஆழமான காயம் பட்டால் மட்டுமே தழும்பு நிலைத்துவிடும்.

இவ்வுண்மையை ஆட்சிக்குப் பயன்படுத்தும் முயற்சியில் நம் நாட்டிற்குச் சிறப்பான பங்கு உண்டு. 1858ஆம் ஆண்டில் வங்காளத்தில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பத்திற்கு மாறாகக் கையின் பதிவையே பெற்றார். 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விரல்ரேகைப் பதிவகம் நிறுவப்பெற்றது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை எட்வர்டு ஹென்றி என்பவர் வகுத்தபோது, அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர் அவருக்குப் பெருந்துணையாக நின்றனர். எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று இகழ்ந்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ, பெரும் படிப்புப் படித்தவரும் நாள்தோறும் பல முறை விரலை நாட்டியே தம் பேசியைத் திறக்கின்றனர். காலத்தின் போக்குத்தான் என்னே!

2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 5எஸ் இவ்வசதியை உலகெங்கும் பரவச் செய்தது. விரலின் வரிகளை அறியும் உறுப்பினை 'உணரி' என்பர். அது மூவகைப்படும். முதல் வகை மின்னால் அறிவது. அதில் மிக நுண்ணிய மின்தகடுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக அமைந்திருக்கும். வரியின் மேடு தகட்டை நெருங்கி நிற்கும். பள்ளத்திற்கும் தகட்டிற்கும் இடையே காற்று நிற்கும். இதனால் ஒவ்வொரு தகட்டிலும் மின்தேக்கம் வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கொண்டே வரிகளின் உருவத்தைக் கருவி அறிகின்றது. இரண்டாம் வகை ஒளியால் அறிவது. திரையின் ஒளி விரலின்மேல் பட்டு மீள, அதனை அடியிலுள்ள உணரி படமாகப் பிடிக்கின்றது. மூன்றாம் வகை செவிக்கு எட்டாத மீயொலியால் அறிவது. ஒலியலை விரலில் மோதித் திரும்பும் தன்மையைக் கொண்டு மேடு பள்ளங்களை அது அளக்கின்றது.

இவ்வாறு அறிந்தவற்றுள் வரி முடியும் இடம், வரி இரண்டாகக் கிளைக்கும் இடம் போன்ற அடையாளங்களைக் கருவி குறித்துக்கொள்கின்றது. அக்குறிப்பைப் பேசியின் காப்பான பகுதி ஒன்றில் சேமித்து வைக்கின்றது. பின்னர் விரல் வைக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிய குறிப்பைப் பழைய குறிப்போடு ஒப்பிடுகின்றது. முழுதும் ஒத்திருத்தல் இயலாது; விரல் ஒருகால் சாய்ந்திருக்கும், ஒருகால் நுனி மட்டும் படும். ஆதலின், போதிய அளவு ஒத்திருந்தால் திறக்கின்றது. அந்த அளவைக் குறைத்தால் அயலாரும் திறந்துவிடக் கூடும். கூட்டினால் உரியவரும் வெளியே நிற்க நேரும். நல்ல காவலன், ஐயம் எழுந்தால் உள்ளே விடான். பேசி நம்மை மறுப்பதும் அத்தகைய காவலின் பொருட்டே.

இனி, அன்றிரவு நேர்ந்தது விளங்கும். விரல் நனைந்திருந்தால் பள்ளங்களில் நீர் நிரம்புகின்றது. மேட்டிற்கும் பள்ளத்திற்கும் உள்ள வேறுபாடு மறைகின்றது. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இவ்வாறே தடை செய்யும். மிகுதியாக உலர்ந்த தோலும் இடையூறே; அது உணரியோடு நன்கு பொருந்தாது. சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் உழைப்போர், நாள்தோறும் பாத்திரம் துலக்குவோர் ஆகியோருடைய வரிகள் தேய்ந்து மெலிந்திருக்கும். முதியோர்க்கும் அவ்வாறே. இது அவர்களுடைய குற்றமன்று. உழைப்பும் வயதும் விட்டுச் சென்ற அடையாளம். கருவி ஏற்காத விரலை உடையவரை நாம் ஏளனம் செய்தல் தகாது.

பூட்டுத் தவறாது திறத்தற்குரிய வழிகள் சில உள. முதலாவது, விரலையும் உணரியையும் தூய்மையாகவும் ஈரமின்றியும் வைத்தல் வேண்டும். உணரியை மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தல் நன்று. இரண்டாவது, பதிவு செய்யும்போது அவசரம் கூடாது. பேசியை வழக்கமாகப் பிடிக்கும் முறையிலேயே பிடித்து, விரலின் நடு, நுனி, இரு பக்கம் ஆகிய எல்லாம் படுமாறு மெல்ல மெல்ல மாற்றி வைத்தல் வேண்டும். மூன்றாவது, ஒரே விரலை இரு முறை பதிவு செய்யலாம். மற்றொரு கையின் விரலையும் பதிதல் வேண்டும். ஒரு விரலில் காயம் பட்டால் மற்றது உதவும். நான்காவது, தோல் மிகவும் உலர்ந்திருந்தால், சிறிது களிம்பு பூசி, அது நன்கு ஊறிய பின்னரே விரலை வைத்தல் வேண்டும். ஐந்தாவது, பலமுறை தவறினால் பழைய பதிவை நீக்கிப் புதிதாகப் பதிதல் வேண்டும்.

திரைக்கு அடியில் உணரி உடைய பேசிகளுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. திரையின்மேல் ஒட்டும் காப்புத்தாள் தடித்திருந்தாலும், இடையே காற்று புகுந்திருந்தாலும், ஒளியோ ஒலியோ செவ்வனே செல்லாது. 2019ஆம் ஆண்டில் புகழ்பெற்ற பேசி ஒன்றில் விந்தையான குறை வெளிப்பட்டது. திரையின்மேல் இட்ட ஒருவகை உறையின் புள்ளிக்கோலத்தையே பேசி ரேகையாகக் கருதியமையால், அயலார் விரலுக்கும் அது திறந்தது! செய்தவர்கள் மென்பொருளைத் திருத்தி, உறையை நீக்கி மீண்டும் பதியுமாறு அறிவித்தனர். ஆதலின், பேசிக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட காப்புத்தாளையே வாங்குதலும், அதனை ஒட்டிய பின் விரலைப் புதிதாகப் பதிதலும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. விரல் எளிய திறவுகோலே அன்றி ஒரே திறவுகோல் அன்று. பேசியை அணைத்து மீண்டும் இயக்கினால் அது முதலில் கடவு எண்ணையே கேட்கும். ஆகவே அவ்வெண்ணை மறவாதிருங்கள்; பிறர்க்கு வெளியிடாதிருங்கள். பிறர் விரலை உங்கள் பேசியில் பதியவும் விடாதீர்கள். பூட்டுத் திறவாத போதும், பூட்டுத் திரையிலுள்ள அவசர அழைப்பின் வழியே 112 என்னும் எண்ணை அழைத்து உதவி பெறலாம் என்பதை அறிந்து வைத்திருங்கள். வீட்டிலுள்ள முதியோர்க்கும் கற்பியுங்கள். அன்றிரவு அச்சிறுமி வந்திராவிடில் என் நிலை யாதாயிருக்கும் என்று இன்றும் எண்ணுகின்றேன். கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதன் இயல்பை அறிந்தவர் கையிலேயே அது முழுப்பயன் தரும். நீங்கள் அறிந்ததை அறியாதவர்க்கு அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். அதுவே கல்வியின் பயன்.