9.9, 10.10, 11.11... கார்ட்டில் இருப்பதை எல்லாம் வாங்கத்தான் வேண்டுமா?

செப்டம்பர் வந்தால் போதும், கைத்தொலைபேசிக்குள் ஒரு திருவிழா தொடங்கிவிடும். 9.9 முடிந்தால் 10.10. அந்தப் பார்சல் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் 11.11. இடையில் தீபாவளி. ஆண்டு முடிவதற்குள் 12.12.

நவம்பர் 11, சீனாவில் 'சிங்கிள்ஸ்' விளையாட்டாகக் கொண்டாடிய நாள். 2009இல் அலிபாபா நிறுவனம் அதை ஒரு விற்பனை நாளாக்கியது. கூட்டம் அள்ளியது. அதற்குப் பிறகு மற்ற மாதங்களும் சும்மா இருக்குமா?

இதற்கு நேர்மாறான ஓர் அலையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2024இல் டிக்டாக்கில் 'அண்டர்கன்சம்ப்ஷன் கோர்' பரவியது. அடிவரை வழித்தெடுத்த லோஷன் போத்தல், பல ஆண்டுகளாகத் தோளில் தொங்கும் அதே பை, தைத்துப் போட்ட காலுறை என்று காட்டினார்கள். ஓராண்டுக்குத் தேவையில்லாத எதையும் வாங்குவதில்லை என்ற 'நோ பை' சவாலும் வந்தது.

ஜனவரியில் அப்படிச் சபதம் எடுத்து, சீனப் புத்தாண்டுத் தள்ளுபடிக்குள் கைவிட்டவர்கள் உங்கள் நட்பு வட்டத்திலேயே இருக்கலாம். "எனக்கு மனவுறுதி இல்லப்பா" என்பார்கள். அது பாதிதான் உண்மை. நாம் தருகின்ற விலை நம் கண்ணுக்கு முழுசாகத் தெரியாதபடி இன்றைய ஷாப்பிங் அமைந்திருக்கிறது. அதுதான் மீதிப் பாதி.

விலை எங்கே ஒளிந்துகொள்கிறது?

'இப்போது வாங்கி, பிறகு கட்டுங்கள்' திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏட்டோம், கிராப் பேலேட்டர், எஸ்பேலேட்டர் என்று சிங்கப்பூரில் பல உண்டு.

120 வெள்ளிக் காலணி. மூன்று தவணை. திரையில் பெரிய எழுத்தில் தெரிவது 40 வெள்ளி. வட்டி இல்லை. "40 வெள்ளிதானே!"

9.9இல் காலணி வாங்குகிறீர்கள். 10.10இல் 120 வெள்ளிக்கு இயர்பாட். 11.11இல் 120 வெள்ளிக்கு ஒரு ஜாக்கெட். (இந்த வெயிலில் ஜாக்கெட் எதற்கு என்று கேட்காதீர்கள், அலுவலக ஏர்கான் அப்படி.) எல்லாமே மூன்று தவணை.

செப்டம்பரில் கட்டுவது 40 வெள்ளி. அக்டோபரில் 80. நவம்பரில் 120. அந்த மாதத்தில் நீங்கள் முழு விலையையே கட்டுகிறீர்கள், ஆனால் மனசு மட்டும் இன்னும் 40 வெள்ளியிலேயே நிற்கிறது. டிசம்பரில் எதுவுமே வாங்காவிட்டாலும் 80 வெள்ளி போகும். ஜனவரியில் 40. மொத்தம் 360 வெள்ளி. தவணை விலையைக் குறைக்கவில்லை, அடுத்த ஆண்டுச் சம்பளத்திலும் கை வைத்திருக்கிறது.

இதற்கு வரம்பே இல்லையா? உண்டு. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் வழிகாட்டுதலோடு, 2022ஆம் ஆண்டு நவம்பரில் இத்துறைக்கு ஒரு நடத்தை விதிமுறை நடப்புக்கு வந்தது. கூடுதல் கடன்தகுதிச் சோதனை செய்யாமல், ஒருவர் ஒரு நிறுவனத்திடம் 2,000 வெள்ளிக்கு மேல் பாக்கி வைக்க முடியாது. தவணை தவறினால் கணக்கை நிறுத்திவைப்பார்கள்.

ஆனால் கவனியுங்கள்: 2,000 வெள்ளி என்பது ஒரு நிறுவனத்துக்கு. உங்கள் கைத்தொலைபேசியில் மூன்று செயலிகள் இருந்தால்?

கடன் அட்டை பெற பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 30,000 வெள்ளி வருமானம் இருக்கவேண்டும். தவணைத் திட்டங்களுக்குள் நுழைய அந்தக் கதவு கிடையாது. பகுதிநேர வேலை செய்யும் 19 வயது மாணவரும் சேரலாம். அதனால்தான் பலருக்கு வாழ்க்கையின் முதல் கடன், கடன் என்ற பெயரே இல்லாமல் வந்துவிடுகிறது.

கடன் அட்டை வேறு வகை. அதில் வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல். 1,000 வெள்ளி பாக்கி வைத்துவிட்டு, குறைந்தபட்சத் தொகையாக 50 வெள்ளி கட்டினால், அதில் 20 வெள்ளிக்கும் மேல் வட்டிக்கே போய்விடும்.

'இலவச விநியோகம்' என்பதும் அப்படித்தான். 2 வெள்ளி அனுப்பும் கட்டணத்தை மிச்சப்படுத்த, 15 வெள்ளிக்குத் தேவையில்லாத ஒன்றைச் சேர்க்கிறோம். 2023 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்கும் பொருள், சேவை வரி உண்டு. அந்த வரி இப்போது 9 விழுக்காடு.

வெள்ளியில் வேண்டாம், மணியில் பாருங்கள்

மாதச் சம்பளம் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மத்திய சேமநிதிக்கு 20 விழுக்காடு போக, கைக்கு வருவது 2,400. வாரம் 44 மணிநேரம் வேலை என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 190 மணிநேரம். ஆக, ஒரு மணிநேரத்துக்கு நீங்கள் பெறுவது 12 வெள்ளி 60 காசு.

அந்த 120 வெள்ளிக் காலணிக்கு நீங்கள் ஒன்பதரை மணிநேரம் உழைக்கவேண்டும். காலை எம்ஆர்டி நெரிசல், மேலாளரின் முகம், மாலைக் கூட்டம் எல்லாம் சேர்த்து ஒரு முழு வேலைநாளுக்கும் மேல்.

அப்படியும் அது வேண்டும் என்று தோன்றுகிறதா? தாராளமாக வாங்குங்கள். தினமும் ஓடப் போகிறவருக்கு நல்ல காலணி ஆடம்பரம் இல்லை. அலமாரியில் ஏற்கெனவே நான்கு ஜோடி இருந்தால்தான் கேள்வி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "பபுள் டீயை விட்டால் வீடு வாங்கலாம்" என்று யாராவது அறிவுரை சொன்னால், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 5 வெள்ளி, வாரம் மூன்று முறை: ஆண்டுக்கு 780 வெள்ளி. சின்னத் தொகை இல்லை, ஆனால் அதை வைத்து வீவக வீடு வாங்க முடியாது. பெற்றோரின் மருத்துவச் செலவையும் வீட்டு வாடகையையும் தூக்கிச் சுமக்கிறவரிடம் போய் 'எளிமையாக இரு' என்று பாடம் எடுப்பதில் நியாயமில்லை.

அந்த 780 வெள்ளி எதற்கு உதவும்? மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதியைக் கையில் வைத்திருக்கும்படி நிபுணர்கள் சொல்கிறார்கள். அதன் முதல் படியாக அது இருக்கலாம். வேலை போன மாதத்தில், பிடிக்காத வேலையை உடனே ஏற்றுக்கொள்ளாமல் இரண்டு வாரம் யோசிக்க அது இடம் கொடுக்கும்.

"என்ன, கஞ்சனாயிட்டியா?"

செலவைக் குறைப்பதில் கணக்கைவிடக் கடினமானது இந்தக் கேள்விதான்.

நம் வீடுகளில் அன்பைப் பெரும்பாலும் பையில் போட்டுத்தான் கொடுக்கிறோம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை, தம்பிக்குக் காலணி, பாட்டிக்கு ஏதாவது. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே தேக்காவில் நிற்க இடம் இருக்காது. கல்யாணத்துக்குப் போட்ட உடையை அடுத்த கல்யாணத்துக்கும் போட்டால், "ஏற்கெனவே இன்ஸ்டாவுல பாத்தாச்சே" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

அதையெல்லாம் விட்டுவிடச் சொல்லவில்லை. தீபாவளிக்கு அம்மா எடுத்துத் தரும் உடையும் 11.11க்கு இரவு 12 மணிக்குத் தட்டிய உடையும் ஒன்றில்லை. முதலாவதற்கு ஒரு தொகையை வீட்டில் எல்லாரும் சேர்ந்து முன்பே பேசி முடிவுசெய்யலாம். அக்கா, தங்கை, சித்தி மகள்களிடையே சேலையும் லெஹங்காவும் கைமாறலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சேலைக்குள் ஒரு சோடி காதணியையும் வைத்து அனுப்புவார்கள்.

நண்பர்களிடம்? "இந்த மாசம் கொஞ்சம் டைட். வீட்லயே சந்திப்போமா?" என்று சொல்லிப் பாருங்கள். "அப்பாடா, நானும் அதத்தான் நெனச்சேன்" என்பவர் ஒருவராவது இருப்பார்.

சபதம் வேண்டாம், தடுப்பு போதும்

வாங்குவது இரண்டு தட்டலில் முடிகிறது. அதை நான்கு தட்டலாக்குங்கள். செயலியில் சேமித்துவைத்த அட்டை விவரத்தை நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் 16 எண்களையும் தட்டவேண்டும் என்றாலே பாதி ஆசை அடங்கிவிடும். விற்பனை அறிவிப்புகளை நிறுத்துங்கள். பிடித்ததைக் கார்ட்டில் போடுங்கள், ஆனால் ஒரு வாரம் தொடாதீர்கள். நான் செய்து பார்த்தேன். 11 பொருள்களில் நான்கை ஏன் போட்டேன் என்றே நினைவில்லை.

ஓர் எச்சரிக்கை: எளிமையாக வாழ்வதற்கென்றே கண்ணாடிப் போத்தல், மூங்கில் ஸ்பூன், ஒரே நிறத்தில் பத்துப் பெட்டி என்று புதிதாக ஒரு ஷாப்பிங் தொடங்கிவிடாதீர்கள். பழைய மைலோ டின் போதும்.

வேண்டாம் என்று தூக்கிப்போட்டது எங்கே போகிறது தெரியுமா? குப்பையை எரித்த சாம்பலும் எரிக்க முடியாதவையும் செமாக்காவ் குப்பை நிரப்பும் இடத்துக்குப் போகின்றன. நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். 1999இல் திறந்தது, 2035வாக்கில் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. 2023இல் இங்கே மறுசுழற்சிக்குப் போன துணிக் கழிவு 2 விழுக்காடு மட்டும்தான்.

பழுதானதைச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற முயற்சி 2014இல் தொடங்கியது. அங்கே தொண்டூழியர்கள் மின்விசிறியையும் ரைஸ் குக்கரையும் உங்களுக்குப் பதிலாகச் சரிசெய்வதில்லை; உங்கள் கையிலேயே ஸ்குரூடிரைவரைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார்கள்.

ஏற்கெனவே தவணைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டனவா? எல்லாச் செயலிகளையும் திறந்து, எதற்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று ஒரே தாளில் எழுதுங்கள். அது முடியும்வரை புதுத் தவணை வேண்டாம். தொகை கைமீறிப் போயிருந்தால், தவணை தவறும்வரை காத்திருக்காமல் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அறநிறுவனத்தை நாடலாம். போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள், அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்த விவரத்தைத்தான்.