விலையை முதலில் எழுதிய தடுப்பூசி

டிசம்பர் பிறந்தால் சஹாராவிலிருந்து ஹர்மாட்டான் வீசத் தொடங்கும். மாவு போன்ற புழுதியைச் சுமந்து வரும் வறண்ட காற்று. உதடு வெடிக்கும், தொண்டை காயும், வீட்டுச் சாமான் எல்லாவற்றின் மேலும் மண் படியும். மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே எத்தியோப்பியா வரை, ஆப்பிரிக்காவின் குறுக்கே வரிசையாகக் கிடக்கும் 26 நாடுகளுக்கு இந்த வறண்ட காலம் மூளைக்காய்ச்சல் பருவமும்கூட.

மூளைக்காய்ச்சல் என்றதும் நமக்குக் கொசு பரப்பும் ஜப்பானிய வகை நினைவுக்கு வரும். இது வேறு. மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா, மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வைத் தாக்குவதால் வருவது. இந்தக் கிருமி எத்தனையோ பேர் தொண்டையில் ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். புழுதியும் வறட்சியும் தொண்டையின் உட்தோலைப் புண்ணாக்கும் மாதங்களில் சிலருக்கு ரத்தத்துக்குள் இறங்கிவிடும். காலையில் காய்ச்சல், மாலையில் கழுத்து விறைப்பு. சிகிச்சை கிடைக்காவிட்டால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. கிடைத்தாலும் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்த குழந்தைகளில் பலருக்குக் காது போய்விடும். மழை இறங்கியதும் கொள்ளைநோய் தானாக ஓயும், பின்னொரு ஆண்டில் திரும்ப வரும். 1996-97இல் வந்தபோது இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 25,000 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கிருமியின் ‘ஏ’ வகையால்.

அப்போதும் தடுப்பூசி இல்லாமல் இல்லை. ஆனால் அது அரைகுறை ஊசி. மெனிங்கோகாக்கஸ் தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன உறை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. பழைய ஊசியில் இருந்தது அந்தச் சர்க்கரை மட்டுமே. நம் உடலின் எதிர்ப்புப் படைக்குச் சர்க்கரை அவ்வளவு பெரிய விரோதியாகத் தெரியாது. பெரியவர்கள் உடம்பில் இரண்டு மூன்று ஆண்டுக்கு எதிர்ப்பு நிற்கும், பிறகு மறந்துபோகும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் உடம்பு அதை அவ்வளவாகச் சட்டை செய்யாது. தொண்டையில் குடியிருக்கும் கிருமியையும் அந்த ஊசி விரட்டாது. அதனால் நோய் வெடித்த பிறகு ஊசியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே வழக்கமாக இருந்தது. போய்ச் சேர்வதற்குள் பாதிச் சாவு நடந்து முடிந்திருக்கும்.

மாற்றுவழி 1929லேயே தெரிந்திருந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரியும் வால்தர் கோபெலும் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துச் செலுத்திப் பார்த்தார்கள். புரதத்தைக் கண்டு உஷாராகும் எதிர்ப்புப் படை, அதன் முதுகில் ஏறி வந்த சர்க்கரையையும் அடையாளம் வைத்துக்கொண்டது. இணைப்புத் தடுப்பூசிகள் எல்லாம் இந்த யோசனையின் பேரப்பிள்ளைகள். யோசனைக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. எந்த ரசாயனத்தால், எந்தப் படிகளில் பிணைப்பது என்பதில்தான் காப்புரிமைகள் அடுக்கடுக்காக வந்து உட்கார்ந்தன.

1999 நவம்பரில் பிரிட்டன் இதே நுட்பத்தில் செய்த ஊசியைத் தன் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது. ஆனால் அங்கே தொல்லை கொடுத்த ‘சி’ வகைக்கு. மூன்று நிறுவனங்கள் போட்டி போட்டுச் செய்துகொடுத்தன. ‘சி’க்கு முடிந்தது ‘ஏ’வுக்கும் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். செய்யத்தான் ஆளில்லை. காப்புரிமை தரும் பரிசு, 20 ஆண்டுகள் வேறு யாரும் விற்க முடியாத சந்தை. வாங்க ஆளில்லாத சந்தையில் ஏகபோகம் இருந்தென்ன, போயென்ன? காப்புரிமையை வில்லனாக்கும் கட்டுரைகளும் தெய்வமாக்கும் கட்டுரைகளும் இந்த இடத்தை ஏனோ தாண்டிப் போய்விடுகின்றன. ‘ஏ’ வகையைப் பொறுத்தவரை யாரும் யாரையும் தடுக்கவில்லை. அக்கறைதான் இல்லை.

2001இல் உலகச் சுகாதார நிறுவனமும் பாத் என்ற லாபநோக்கமற்ற அமைப்பும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் கொடுத்தது. தலைமையேற்ற மருத்துவர் மார்க் லாஃபோர்ஸ் ஆய்வகத்துக்குப் போகும் முன் ஆப்பிரிக்கச் சுகாதார அதிகாரிகளிடம் போனார். விலை என்னவாக இருக்கலாம் என்று கேட்டார். ஒரு டோஸ் 50 சென்ட்டைத் தாண்டினால் எங்களால் வாங்க முடியாது என்றார்கள். வாங்க முடியாத ஊசியைக் கண்டுபிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வழக்கமாக மருந்தைச் செய்து, செலவைக் கூட்டி, கடைசியில் விலை போடுவார்கள். இங்கே விலைச்சீட்டை முதலில் எழுதி ஒட்டிவிட்டு, அதற்குள் அடங்கும் ஊசியைத் தேடினார்கள்.

பேசிப் பார்த்த பெரிய கம்பெனிகள் எதுவும் அந்த விலைக்கு இறங்கவில்லை. எனவே வேலையைப் பிரித்தார்கள். ‘ஏ’ வகைச் சர்க்கரையை ஆம்ஸ்டர்டாமில் உள்ள சின்கோ நிறுவனம் கொடுக்கும். புரதத்தைப் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் கொடுக்கும். அந்தப் புரதம் வேறொன்றுமில்லை, ரணஜன்னி ஊசியில் இருக்கிறதே, அதே டாக்ஸாய்டு. சீரம் அதை ஏராளமாகச் செய்துகொண்டிருந்தது. இரண்டையும் பிணைக்கும் கலைதான் பாக்கி.

அது அமெரிக்காவில் கிடைத்தது, அதுவும் அரசாங்கத்தின் கையில். மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ.வுக்குச் சொந்த ஆய்வகங்கள் உண்டு. அங்கே ராபர்ட் லீ, கார்ல் ஃப்ராஷ் என்ற இரு விஞ்ஞானிகள் ஹைட்ரசீன் என்ற ரசாயனத்தைக் கொண்டு புரதத்தைத் தயார்படுத்தி, சர்க்கரையை அதோடு மளமளவென்று சேரவைக்கும் முறையைக் கண்டிருந்தார்கள். பழைய முறைகளில் பெரும்பகுதிச் சரக்கு இணையாமல் வீணாகும். இதில் வீண் குறைவு. 50 சென்ட்டுக்கு உள்ளே நிற்க அது உதவும். கண்டுபிடித்தவர்கள் அரசு ஊழியர்கள் என்பதால் உரிமை அரசிடம் இருந்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் உரிம அலுவலகம் அதைப் பாத்துக்கு வழங்க, பாத் சீரமுக்கு உள்-உரிமம் கொடுத்தது. நுட்பமும் ஆராய்ச்சிப் பணமும் வரும். பதிலுக்கு விலை 50 சென்ட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். ஒரே காப்புரிமைதான். வேறொருவர் கையில் இருந்திருந்தால் பூட்டாகியிருக்கும். இங்கே பேரம் பேச உதவும் துருப்புச்சீட்டானது.

காகிதம் கைமாறியதால் மட்டும் ஊசி வந்துவிடாது. காப்புரிமை ஆவணம் சமையல் குறிப்பு மாதிரி. பக்குவம் அதில் இருக்காது. எத்தனை நிமிடம் கலக்குவது, எப்போது குளிரவைப்பது, நிறம் எப்படி மாறினால் கெட்டுவிட்டது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். புனேயிலிருந்து விஞ்ஞானிகள் எஃப்.டி.ஏ.வின் பெதெஸ்டா ஆய்வகத்துக்குப் போய் அப்படித்தான் கற்றுவந்தார்கள்.

2010 டிசம்பர் 6 அன்று புர்கினா ஃபாசோவில் மென்ஆஃப்ரிவாக் என்ற பெயரில் ஊசி வந்தது. ஒரு வயது முதல் 29 வயது வரை எல்லோருக்கும் போட்டார்கள். மற்ற நாடுகளையும் சேர்த்து இரண்டே ஆண்டில் 10 கோடிப் பேர். சாட் நாட்டில் தலைநகர் என்ஜமேனாவும் சுற்றுப்புறமும் சேர்ந்து 18 லட்சம் பேருக்குப் போட்ட பின், போடாத பகுதிகளோடு ஒப்பிட்டால் மூளைக்காய்ச்சல் 94 சதவீதம் குறைவு. தொண்டையில் குடியிருந்த ‘ஏ’ வகையும் ஏறத்தாழக் காலி; ஊசி போடாதவர்களுக்கும் அதனால் காப்பு. கொசுறாக, ரணஜன்னிக்கான எதிர்ப்பும் கூடியது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஐஸ் சமாச்சாரம். தடுப்பூசி என்றால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தே தீர வேண்டும் என்பது வேதவாக்கு. மின்சாரம் எட்டாத ஊர்களுக்கு ஊசியைவிட ஐஸ்கட்டி கொண்டுபோவதே பெரும்பாடு. சோதித்துப் பார்த்தால், மென்ஆஃப்ரிவாக் 40 டிகிரி வெயிலில் நான்கு நாள் தாங்குகிறது. 2012இல் அனுமதி கிடைத்ததும் பெனின் நாட்டின் பனிகோவாரா வட்டாரத்தில் ஐஸ் இல்லாமல் கொண்டுபோனார்கள். குப்பியின் மேல் வெப்பம் கூடினால் நிறம் மாறும் ஸ்டிக்கர், பெட்டியில் இன்னொரு வெப்ப அட்டை. அவ்வளவுதான் காவல். இதற்குப் புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே இருந்த மருந்தை இன்னொரு முறை சோதிக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இதையும் நான் கண்டுபிடிப்பு என்றே சொல்வேன், காப்புரிமை அலுவலகம் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ.

‘ஏ’ ஒழிந்த இடத்தில் மற்ற வகைகள் தலைதூக்கின. 2015இல் நைஜரை ‘சி’ வகை உலுக்கியது, பிறகு நைஜீரியாவை. ‘டபிள்யூ’, ‘எக்ஸ்’ வகைகளும் அங்கங்கே. பாத்தும் சீரமும் மறுபடி சேர்ந்து, பிரிட்டிஷ் அரசின் பணத்தோடு, ‘ஏ’, ‘சி’, ‘டபிள்யூ’, ‘ஒய்’, ‘எக்ஸ்’ ஐந்துக்கும் ஒரே ஊசி செய்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் தரச் சான்று 2023 ஜூலையில் கிடைத்தது. ஐந்து சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிணைக்க வேண்டிய ஊசி பழைய 50 சென்ட்டில் முடியாது. விலைப் பேச்சு திரும்பவும் தொடங்கியது. இந்த ஐந்தில் ‘எக்ஸ்’ வகை கொள்ளைநோயாகப் பரவுவது ஆப்பிரிக்காவில் மட்டும்தான். பணக்கார நாடு எதற்கும் அது வேண்டியிருக்கவில்லை. அதற்கு எதிராக உலகில் அனுமதி பெற்ற முதல் ஊசி 2024இல் நைஜீரியாவில் போடப்பட்டது.