ஒரு லட்சம் பெயர், ஒரே ஒரு அட்டவணை

பல்கலைக்கழகத் தேர்வு முடிவுப் பட்டியலில் ஒரு லட்சம் மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அலுவலர் பிரவுசரில் பக்கத்தைத் திறந்ததும் அட்டவணை வந்துவிடுகிறது. கீழே இழுத்துக்கொண்டே போனால் எழுபதாயிரமாவது பெயரும் தெரிகிறது. ஆனால் அந்த லட்சம் பெயர்களும் அவருடைய கணினிக்கு ஒரே நேரத்தில் மொத்தமாக வருவதில்லை.

ஜாவாவிலேயே வலைப்பக்கங்களை எழுத உதவும் ஃபின்லாந்துக் கருவி வாடின். அதில் அட்டவணைக்கு கிரிட் என்று பெயர். எந்த நெடுவரிசைக்கு எந்த மெத்தடைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னால் போதும். 2014-இல் ஜாவா 8 கொண்டுவந்த லாம்டா வசதியால் அது ஒரு வரி வேலை.

முந்நூறு பேர் என்றால் முழு லிஸ்டையும் கிரிட்டிடம் கொடுத்துவிடலாம். லட்சத்துக்கு அது சரிப்படாது. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்காகவும் சர்வரின் மெமரியில் லட்சம் ஆப்ஜெக்ட்டுகள் குவியும். அதனால் தரவுக்குப் பதில் ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறோம். எத்தனையாவது பெயரிலிருந்து, எத்தனை பெயர் வேண்டும் என்று கிரிட் அதனிடம் கேட்கும். வழக்கமாக 50 பெயர் கொண்ட பக்கங்களாகக் கேட்கும். அந்த இரண்டு எண்களும் அப்படியே எஸ்கியூஎல் வினவலுக்குப் போகின்றன. பிரவுசரும் கண்ணில் படுகிற அளவுக்கு மட்டுமே வரிசைகளை உருவாக்கி, இழுக்க இழுக்க அவற்றிலேயே புதுப் பெயர்களை மாற்றி எழுதுகிறது.

கவனம் வேண்டிய இடம் இனிமேல்தான். பட்டியலை மதிப்பெண்படி அடுக்குகிறோம். 72 வாங்கியவர்கள் ஆயிரம் பேர். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி வினவல் போகிறது. சம மதிப்பெண்காரர்களில் யார் முன், யார் பின் என்பதில் டேட்டாபேஸ் எந்த உறுதியும் தருவதில்லை. இரண்டு வினவலுக்கு இரண்டு விதமாக அடுக்கலாம். அப்போது ஒரு மாணவர் இரண்டு பக்கத்திலும் வருவார், இன்னொருவர் எதிலுமே வரமாட்டார். எரர் எதுவும் காட்டாது. தேர்ச்சி பெற்ற ஒரு பிள்ளையின் பெயர் திரையில் இல்லாமல் போவது சின்ன விஷயமல்ல. மதிப்பெண்ணுக்கு அடுத்து பதிவு எண்படியும் அடுக்கச் சொன்னால் இந்தக் கோளாறு தீரும். யாருடைய கோடைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மொத்தம் எத்தனை என்று சொல்ல இன்னொரு ஃபங்ஷனும் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் கிரிட் முதலில் 200 என்று உத்தேசமாக வைத்துக்கொண்டு, இழுக்க இழுக்க நீட்டும். பல நிபந்தனைகளுடன் தேடும் பக்கத்தில் எண்ணுவதே கனமான வேலையாகிவிடும், அங்கே உத்தேசமே போதும். கடைசிப் பெயர்வரை ஒரே இழுப்பில் போக வேண்டிய முடிவுப் பட்டியலுக்கு எண்ணிக் கொடுப்பதுதான் சரி.