ஒளிப்படத்தின் முகமும் முதுகும்: ஹாலிவுட் நட்சத்திரங்களின் பொதுநிகழ்வுப் படங்களைச் சான்றாகக் கொள்ளும் முறை

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஹாலிவுட் நடிகர்கள் பொதுவிடங்களில் தோன்றியபோது எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள், இன்று திரைப்பட வரலாற்றின் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. 1947, 1954 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த இரு நிகழ்வுகளின் படங்களைக் கொண்டு, அவை எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், ஹாலிவுட், விளம்பரத்துறை, படவிளக்கம், காப்பகம், பதிப்புரிமை.

முன்னுரை

ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பது பொதுநம்பிக்கை. நட்சத்திரங்களின் படங்களைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை ஆராயத்தக்கது. அக்காலத்தில் நடிகர் பலர் படப்பிடிப்பு நிறுவனங்களுடன் நீண்டகால ஒப்பந்தத்தில் இருந்தனர். முதற்காட்சி விழா, விருந்து, பயணம் ஆகியவற்றை அந்நிறுவனங்களின் விளம்பரத்துறைகளே பெரும்பாலும் ஒழுங்கு செய்து, செய்தி ஒளிப்படக்காரர்களை அழைத்தன. எனவே, நிகழ்வைப் படமெடுத்தார்கள் என்பதைவிடப் படமெடுப்பதற்காக நிகழ்வை அமைத்தார்கள் என்பதே பலவிடத்தும் பொருந்தும்.

1947: வாஷிங்டன் பயணம்

அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் விசாரணைக் குழுவொன்று, திரைத்துறையில் பொதுவுடைமையாளரின் செல்வாக்கு உண்டா என 1947 அக்டோபரில் விசாரித்தது. இதனை எதிர்த்து ஜான் ஹூஸ்டன், வில்லியம் வைலர், பிலிப் டன் முதலியோர் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் காப்பதற்கான குழுவை அமைத்தனர். அக்குழுவினர் வாஷிங்டன் சென்றபோது, ஹம்ப்ரி போகார்ட்டும் லாரன் பக்காலும் முன்னே நடக்க, ஏனைய கலைஞர்கள் உடன்வரும் படங்கள் எடுக்கப்பெற்றன.

இப்படங்கள் காட்டும் ஒற்றுமை உண்மையானதே; ஆனால், அது நிலைக்கவில்லை. நவம்பர் 24 அன்று, சாட்சியம் அளிக்க மறுத்த பத்துப் பேர்மீது அவமதிப்புக் குற்றம் சாட்ட அவை வாக்களித்தது. அதனையொட்டி நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் கூடிய தயாரிப்பாளர்கள், அப்பதின்மருக்கு வேலையில்லை எனத் தீர்மானித்தனர். 1948இல், தாம் பொதுவுடைமையாளர் அல்லர் என விளக்கி ‘போட்டோபிளே’ இதழில் போகார்ட் பெயரில் கட்டுரை வெளிவந்தது. நடைபயணப் படத்தை மட்டும் காண்பவர் ஒரு துணிவைக் காண்பர். அத்துணிவு சில வாரங்களில் எந்நெருக்கடிக்கு உள்ளானது என்பதை அப்படம் சொல்லாது. ஒளிப்படம் ஒரு கணத்துக்குச் சான்று. அதன் தொடர்ச்சிக்குச் சான்றன்று.

1954: லெக்சிங்டன் சாலை

பில்லி வைல்டர் இயக்கிய ‘தி செவன் இயர் இட்ச்’ படத்திற்காக 1954 செப்டம்பர் 15 அன்று நள்ளிரவுக்குப்பின், நியூயார்க்கின் லெக்சிங்டன் சாலையில் படப்பிடிப்பு நடைபெற்றது. சுரங்க ரயில்பாதையின் காற்றுப்போக்கிமேல் மர்லின் மன்றோ நிற்க, அவரது வெண்ணிற ஆடை காற்றில் எழும் காட்சி அது. அக்காற்று ரயிலினால் வந்ததன்று. கீழே வைக்கப்பட்ட விசிறியினால் வந்தது. ஒளிப்படக்காரர்களும் பெருந்திரளான மக்களும் அங்கே கூடியிருந்தனர். சாம் ஷா, எலியட் எர்விட், கேரி வினோகிராண்ட், ஜார்ஜ் சிம்பெல் ஆகியோர் அன்று படமெடுத்தவர்களுள் அடங்குவர்.

கூட்டத்தின் இரைச்சலால் அக்காட்சி பின்னர் படப்பிடிப்புத் தளத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. உலகமறிந்த அம்முழு உருவத் தோற்றம் 1955இல் வெளியான திரைப்படத்தில் இல்லை. ஆகவே, அதனைத் ‘திரைப்படத்தின் காட்சி’ எனக் குறிப்பது பிழையாகும். அது திரைப்படத்துக்குப் புறத்தே, விளம்பரத்திற்கென நிகழ்ந்த ஒரு பொதுநிகழ்வின் பதிவு.

அன்று அங்கிருந்த கணவர் ஜோ டிமாஜியோ இதனால் சினமுற்றதாகக் கூறப்படுகிறது. மறுமாதமே மணமுறிவு வழக்குத் தொடரப்பட்டது. மன்றோவின் சிரிப்பு மட்டும் தெரியுமாறு வெட்டப்பட்ட படத்தில் கூட்டமும் இல்லை, கணவரும் இல்லை. சட்டகத்துக்கு வெளியே நின்றவற்றை அறிய, ஒரே இரவில் பலர் எடுத்த படங்களை ஒப்பிடுவதே வழி.

படத்தின் பின்புறம்

செய்தி நிறுவனங்களும் படப்பிடிப்பு நிறுவனங்களும் அனுப்பிய அச்சுப்படிகளின் பின்புறத்தில் நாள், இடம், நிறுவன முத்திரை, படவிளக்கத் தாள் ஆகியன காணப்படும். பத்திரிகை அலுவலகத்தில் வெட்டுவதற்கு இடப்பட்ட குறிகளும் சிலவற்றில் எஞ்சியிருக்கும். இவையே படத்தின் பிறப்புச் சான்று.

பதிப்புரிமைக்கும் இவை துணைபுரிகின்றன. அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் உரிமைக்காலம் 28 ஆண்டுகள். நீட்டிக்க வேண்டுமாயின் புதுப்பிக்க வேண்டும். 1964க்கு முன் அங்கு வெளியிடப்பட்டு, புதுப்பிக்கப்படாத படங்கள் அந்நாட்டில் பொதுவுடைமையாயின. எனவே, எப்போது, யாரால் வெளியிடப்பட்டது என்னும் செய்தி ஆய்வாளருக்கு இன்றியமையாதது.

இன்று மின்னுருவில் பரவுவது படத்தின் முகம் மட்டுமே. பின்புறம் நீங்கியதும் நாள் மாறுகிறது, இடம் மாறுகிறது, எடுத்தவர் பெயர் மறைகிறது. பிழையான விளக்கம் கட்டுரைக்குக் கட்டுரை பெயர்கிறது.

முடிவுரை

நிகழ்வை அமைத்தவர் யார், சட்டகத்துக்கு வெளியே இருந்தவை யாவை, அடுத்து நடந்தது என்ன, அச்சுப்படியின் பின்புறம் கூறுவது யாது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே இத்தகைய படத்தைச் சான்றாக எடுத்தாளுதல் தகும். விடை கிடைக்காதவிடத்து அது அழகிய படமாக இருக்கலாம், சான்றாகாது. காப்பகங்கள் மின்னுருவாக்கம் செய்யும்போது இருபுறத்தையும் பதிவு செய்தல் வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும்.